இருபத்து மூன்றாவது தலை

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி ஊருக்கும் உறவுக்கும் அவர் தலையெண்ணி. வேன் ஓட்ட வந்த புதிதில் காது கேளாத ஒரு கிழவரை அருங்காட்சியக வாசலில் விட்டுவிட்டு வந்து, அதற்காக நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து எங்கே நிறுத்தினாலும், கிளம்பும் முன் பட்டியலில் உள்ள தலைகளை இரண்டு தரம் எண்ணாமல் சாவியைத் திருப்பமாட்டார்.

வேன் அவருடையதல்ல, தங்கை புருஷனுடையது. ஐந்து பிள்ளைகளில் நாலாவதாகப் பிறந்து, கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன தங்கை. ‘நகரம், கடல், காடு: மூன்றும் ஒரே கட்டணத்தில்’ என்று வேனின் பக்கவாட்டில் எழுதியிருக்கும். முதல் நாள் மணிக்கூண்டும் பழைய நீதிமன்றமும். இரண்டாம் நாள் கடற்கரைச் சாலை. மூன்றாம் நாள் காலையில் கலங்கரை விளக்கம், பிற்பகலில் காட்டுக்குள் ஜீப்பில் ஒரு சுற்று. வருஷம் பூராவும் சிக்கனம் பிடித்த குடும்பங்கள்தான் அதில் வரும். கொடுத்த காசுக்கு மேலேயே பார்த்தோம் என்று சொல்லிக்கொண்டு இறங்கிப்போகும்.

இருபத்தாறு வருஷமாக இதே சுற்று. கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் பெண்டாட்டி கேட்பாள், “யானை வந்துச்சாங்க?” அவர் சட்டையைக் கழற்றியபடியே சொல்வார், “என்னத்த யானை. தூசியும் ஈயும்தான்.”

அவள் விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கும் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். அவர் ஏற்றிவரும் பயணிகள் படுத்தெழுந்த விரிப்புகள் அவள் கைக்குத்தான் வரும். மணி அடித்தால் ஓடவேண்டும், அடுத்த மணி வரை நிற்கவேண்டும். போன மாதம் வேலையை விட்டபோது அவளுக்கும் இரண்டு முழங்காலும் போயிருந்தது. வேறொன்றும் கேட்கவில்லை. “ஒரு தடவை அந்த யானையைக் காட்டுங்க” என்றாள்.

தங்கை புருஷன் தாராளமாகத் தலையாட்டினார். “கடைசி சீட்டு சும்மாத்தானே கிடக்கு மச்சான். அக்காவைக் கூட்டிட்டுப் போங்க. பட்டியல்ல எழுதவேண்டாம், நம்ம வீட்டு ஆளு.”

பட்டியலில் இருபத்திரண்டு பேர். இரண்டு நாள் அவள் அவருக்குப் பக்கத்து இருக்கையில்தான் வந்தாள். மூன்றாம் நாள் காலை ஒரு குழந்தை வாந்தி எடுக்கவே, தாயையும் பிள்ளையையும் முன்னால் உட்காரவைத்துவிட்டு அவள் பின்னால் பெட்டிகளுக்கு நடுவே போய் ஒண்டிக்கொண்டாள்.

கலங்கரை விளக்கத்தில் அவர் வழக்கம்போலச் சொன்னார், “பத்து நிமிஷம். அவ்வளவுதான்.” எல்லோரும் திரும்பி வந்து ஏறினார்கள். முன்னால் நின்று எண்ணினார். இருபத்திரண்டு. மறுபடி எண்ணினார். இருபத்திரண்டு. கை தானாகச் சாவிக்குப் போயிற்று.

ஒரு மணி நேரம் கழித்து, காட்டு வாசலுக்கு முன்னால் உள்ள தேநீர்க் கடையில் நிறுத்தி, எல்லோருக்கும் ரொட்டிப் பொட்டலம் கொடுத்தார். தன் பங்கை அவளுக்கென்று எடுத்துக்கொண்டு பின்னால் போனார். இருக்கையில் அவளுடைய பை இருந்தது. பைக்குள் கைப்பேசி இருந்தது. அவள் இல்லை.

அவர் பொட்டலத்தோடு அப்படியே நின்றார். தொப்பி போட்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எட்டிப் பார்த்து, “என்ன டிரைவர், யாரையாவது விட்டுட்டீங்களா?” என்று சிரித்தார்.

“ஆமா சார். என் வீட்டம்மாவை.”

ஆசிரியர் சிரிப்பை விழுங்கினார். “அட, அவங்க பின்னால தூங்குறாங்கன்னுதானே நாங்க நினைச்சோம்.”

பயணிகளைக் காட்டு வாசலில் இறக்கி ஜீப்காரர்களிடம் ஒப்படைத்தார். “கடைசி ஜீப் நாலு மணிக்கு அண்ணே. அதுக்கப்புறம் கதவு திறக்கமாட்டாங்க” என்றான் ஒருவன். காலி வேனைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே ஓட்டினார். இத்தனை வருஷத்தில் அந்தச் சாலையில் ஆளில்லாமல் ஓட்டியது அதுதான் முதல் தடவை. கண்ணாடியில் காலி இருக்கைகள் குலுங்கிக்கொண்டே வந்தன.

கலங்கரை விளக்கத்துக்குக் கீழே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருந்தாள். அவரைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை, அழவும் இல்லை.

“எண்ணிட்டுத்தானே கிளம்பினீங்க?”

“எண்ணினேன்.”

“ரெண்டு தடவை?”

“ரெண்டு தடவை.”

“நான் எத்தனாவது?”

“நீ பட்டியல்ல இல்ல” என்றார். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று அவருக்கே உறைத்தது. அவசரமாக, “எழுந்திரு. இப்பக் கிளம்பினா கடைசி ஜீப்பைப் பிடிச்சுடலாம்” என்றார்.

“படியில இறங்கி வர்றதுக்குள்ள கால் மரத்துப்போச்சு. உட்காந்து எழுந்து நிக்கிறதுக்குள்ள வண்டி கிளம்பிடுச்சு. கத்தினேன், காத்துல கேக்கல.” கடலைப் பார்த்தபடி சொன்னாள், “மணிக்கும் ஓடினேன், பஸ்ஸுக்கும் ஓடினேன். யானையைப் பாக்கவும் ஓட முடியாதுங்க. உட்காருங்க.”

“நாலு மணிக்குக் கதவைச் சாத்திடுவான்.”

“சாத்தட்டும்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார். பொட்டலத்தைப் பிரித்துப் பாதி அவளுக்குக் கொடுத்தார். ரொட்டி காய்ந்துபோயிருந்தது. இருவரும் தின்றார்கள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த அவர் கையை அவள் பார்த்துவிட்டு, “உங்களுக்கு இடது, எனக்கு ரெண்டும்” என்றாள்.

திரும்பிப் போனபோது காட்டுக் கதவு சாத்தியிருந்தது. பயணிகள் தலையெல்லாம் புழுதியாக ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். முன் இருக்கையிலிருந்து அவள் கழுத்தை நீட்டிக் கேட்டாள், “யானை வந்துச்சா சார்?”

ஆசிரியர் தொப்பியைக் கழற்றித் தட்டினார். “எங்கேம்மா வந்துச்சு. தூசியும் ஈயும்தான்.”

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். “அப்ப இத்தனை வருஷமா நிஜத்தைத்தான் சொல்லியிருக்கீங்க” என்று சொல்லி, சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜீப்பில் கூடப் போய் அவர் யானையைப் பார்த்த நாட்களும் உண்டு, எத்தனையோ உண்டு. அதை இப்போது எந்த வாயால் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லோரும் ஏறியதும் எழுந்து நின்று அவள் தோளைத் தொட்டு “ஒண்ணு” என்றார். பிறகு ஒவ்வொரு இருக்கையாகக் கடைசிவரை நடந்து, பெட்டிகளுக்கு நடுவிலும் குனிந்து பார்த்துவிட்டு வந்து, சாவியைத் திருப்பினார்.