வலிக்காத ஊசி

காரைக்குடி செக்காலையில் கருப்பட்டி மண்டி வைத்திருப்பவருக்கே சர்க்கரை வியாதி வந்தால் ஊர் சும்மா இருக்குமா? சரக்கை விற்காமல் தின்றே தீர்த்துவிட்டார் என்று கடைக்கு வருகிறவர்களெல்லாம் என் அத்தாவைக் கேலி செய்தார்கள். அத்தாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். கருப்பட்டிச் சிப்பங்களுக்கு நடுவில் உட்கார்ந்து சீனி போடாத காப்பியைக் குடிக்கிற தண்டனையை எந்த எதிரிக்கும் அல்லா கொடுக்கக் கூடாது என்பார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். மாத்திரைக்குச் சர்க்கரை அடங்கவில்லை, தினமும் காலையில் இன்சுலின் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலில் அவருடைய கம்பவுண்டர் சைக்கிளில் வந்து போட்டுவிட்டுப் போனார். ஊசி போடாமல் அத்தா பசியாறக் கூடாது. கம்பவுண்டரோ ஊருக்கெல்லாம் போட்டு முடித்துவிட்டு ஆடி அசைந்து வருவார். இட்லி ஆறி, அத்தாவின் முகமும் வாடிப் போகும். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்த அம்மா, அந்த வித்தையைத் தானே கற்றுக்கொள்வதென்று தீர்மானித்தாள்.

கற்றுக்கொண்டது கத்தரிக்காயில். அந்த வாரம் எங்கள் வீட்டில் தண்ணீர் ஏற்றிய கத்தரிக்காய்க் குழம்புதான் தினமும். காய்க்கு வலிக்காது, வாயும் கிடையாது என்பதால் அம்மா சீக்கிரமே தேறிவிட்டாள்.

அந்தக் கண்ணாடி ஊசிக்குழலை அவள் பார்த்துக்கொண்ட மாதிரி தன் நகைகளைக் கூடப் பார்த்துக்கொண்டதில்லை. அதற்கென்று தனியாக ஒரு சின்னப் பித்தளைச் சட்டி. விடிந்ததும் குழலையும் தண்டையும் தனித்தனியாக வெள்ளைத் துணியில் சுற்றி, பச்சைத் தண்ணீரில் போட்டு, அதன் பிறகுதான் அடுப்பில் ஏற்றுவாள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் கண்ணாடி விரிசல் விட்டுப்போகும். ஊசியின் துளை அடைபடாமல் இருக்க அதற்குள் மெல்லிய கம்பி ஒன்றைச் செருகி வைப்பாள். முனை மழுங்கினால் சாணைக்கல்லில் எண்ணெய் விட்டுத் தேய்த்து, பஞ்சில் இழுத்துப் பார்ப்பாள். பஞ்சு சிக்கினால் மறுபடியும் தேய்ப்பாள். தெருவில் யாராவது இரவல் கேட்டு வந்தால், உயிரைக் கேட்டாலும் தருவேன், அவுக ஊசியைத் தரமாட்டேன் என்று அனுப்பிவிடுவாள்.

அல்லாவின் பெயரால் என்று பிஸ்மி சொல்லித்தான் குத்துவாள். அந்த நேரத்தில் அத்தா என்னைக் கூப்பிட்டுப் பதிமூன்றாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லச் சொல்வார். நான் எவ்வளவு தப்பாகச் சொன்னாலும் திருத்த மாட்டார், சிரித்துக்கொண்டே இருப்பார். என் கணக்கில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எப்படி இருந்தது என்று அம்மா கேட்டால், உன் கை பட்டது கூடத் தெரியவில்லை என்பார். அம்மாவுக்கு அன்றைக்கு முழுக்க வேறெதுவும் வேண்டாம்.

இப்படி இருக்கையில் பினாங்கிலிருந்து மாமா விடுமுறைக்கு வந்தார். அம்மாவின் தம்பி. கப்பலில் நாகப்பட்டினம் வந்திறங்கியவருடைய பெட்டியில் அக்காவுக்குக் கைலியும் சோப்பும், எனக்கு ரப்பர் வைத்த பென்சிலும், மச்சானுக்கு ஒரு அட்டைப்பெட்டியும் இருந்தன. அதற்குள் காகித உறைகளில் வரிசையாக பிளாஸ்டிக் ஊசிகள். குழலும் ஊசியும் ஒட்டிப் பிறந்தவை, கழற்ற முடியாது. கொதிக்கவைக்க வேண்டியதில்லை, ஒரு தடவை போட்டுவிட்டு வீசிவிட வேண்டும் என்று மாமா விளக்கினார்.

அம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீசுவதற்கென்றே ஒருத்தன் இவ்வளவு அழகாகச் செய்வானா என்று கேட்டாள். தேங்காய்ச் சிரட்டையைக் கூட அகப்பையாக்காமல் வீசாத வீடு எங்களுடையது. மாமா ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றே அவள் நினைத்தாள்.

மறுநாள் காலை அந்தப் புது ஊசியால் போட்டாள். நான் வாய்ப்பாட்டைத் தொடங்கி இரண்டு வரி கூடப் போகவில்லை. அம்மா பஞ்சை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அத்தா கையை நீட்டியபடியே கேட்டார்.

"என்ன புள்ள, இன்னும் போடலையா?"

போட்டாயிற்று என்று அம்மா சொன்னாள். அத்தா நம்பவில்லை. கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அடடா, எறும்பு கடித்த மாதிரி கூட இல்லையே என்று மாமாவின் முதுகில் தட்டினார். மாமாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அம்மா அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். பழைய ஊசியை எடுத்து, முந்தானையை ஒதுக்கி, தன் கையில் தானே குத்திக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்து வழிந்தது. ஊசி குத்தினால் அழத்தானே செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று முழுக்க அம்மா அத்தாவோடு சரியாகப் பேசவில்லை. அத்தாவுக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது. மறுநாள் புது ஊசி போட்டதும் முகத்தைச் சுளித்து, இது நமக்குச் சரிப்படாது, என்ன இருந்தாலும் கண்ணாடி ஊசி மாதிரி வராது என்று இழுத்தார்.

"பொய் சொல்லாதீக," என்றாள் அம்மா.

அதன் பிறகு அவளுக்கு ஒரே நினைப்புதான். பெட்டியில் இருப்பதை எத்தனை நாளைக்கு நீட்ட முடியும்? வீசாமல் எடுத்து வைத்திருந்த ஊசிகளை ஒரு நாள் வெள்ளைத் துணியில் சுற்றி, பித்தளைச் சட்டியில் போட்டு, கண்ணாடிக்குச் செய்கிற மரியாதையெல்லாம் செய்து கொதிக்கவைத்தாள். துணியைப் பிரித்தபோது குழல்கள் முருங்கைக்காய் போல வளைந்து கிடந்தன. தண்டு உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, திரும்பிப் போனதும் நிறைய அனுப்புகிறேன் அக்கா என்றார். அனுப்பவும் செய்தார், பாவம். அந்தப் பார்சல் எங்கள் வீட்டுக்கு வந்து சேரவே இல்லை.

மாமா கப்பலேறிய சில நாட்களில் பெட்டி காலியானது. அன்று காலை அம்மா கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்தாள். மருந்தை ஏற்றினாள். பிஸ்மியும் சொன்னாள். அத்தா கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மாவின் கை அந்தரத்திலேயே நின்றது. தட்டில் இடியாப்பம் ஆறிக்கொண்டிருந்தது. முடியவில்லை, கம்பவுண்டரைக் கூட்டி வா என்று என்னிடம் சொன்னாள்.

போக வேண்டாம் என்று அத்தா கண்ணைக் காட்டினார்.

"வலிக்கத்தான் செஞ்சுச்சு, புள்ள. இல்லைங்கலை. கம்பவுண்டர் போட்டாலும் இந்த ஊசி வலிக்கத்தான் செய்யும். நீயே போடு."

அம்மா சொன்னாள்: "அப்ப இனிமே வலிச்சா மறைக்காம வாய்விட்டுக் கத்தணும். பழையபடி சிரிச்சுக்கிட்டு இருந்தீகன்னா நான் இந்த ஊசியைத் தொட மாட்டேன்."

அத்தா தலையாட்டினார். அம்மா குத்தினாள். "யா அல்லா!" என்று அத்தா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் பறந்தன.

அன்றிலிருந்து தினமும் காலையில் எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பையன் பள்ளிக்கூடத்தில் அத்தா கத்துவது போலவே கத்திக் காட்டினான். எனக்கு மானம் போயிற்று. எப்போதும் சிரித்துக்கொண்டிருந்த என் அத்தா ஒரே நாளில் கோழையாகிவிட்டார் என்று அழுகை அழுகையாக வந்தது. அதைவிட அம்மாவின் மேல்தான் கோபம். அத்தா கத்தி முடித்ததும் அவள் பஞ்சை வைத்து மெதுவாகத் தேய்த்துவிடுவாள். அப்போது அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி இருக்கும். கட்டின புருஷன் வலியில் கத்தும்போது ஒரு பெண்ணுக்கு எப்படி நிம்மதி வரும் என்று எனக்கு அந்த வயதில் விளங்கவே இல்லை.