ஜெபத்துக்குக் கொடுக்காத ஒன்று

கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைத் தண்டவாளத்தை ஒட்டிய ஒழுங்கை ஒன்றில், மாடி வீட்டில் தனியாக இருக்கிறார் சுபோதினி. சபையில் பெயர் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘மிஷனரி அக்கா’ என்றால் உடனே தெரியும். கணவரோடு கம்போடியாவுக்குப் போய், இருபது வருடம் போல ஊழியம் செய்துவிட்டுத் திரும்பியவர். கெமர் மொழியில் பிரசங்கமே செய்வார். அதனாலோ என்னவோ, மீன்காரனிடம் சிங்களத்தில் விலை கேட்கப் போனால் கெமர்தான் வாயில் வந்து நிற்கும். மீன்காரன் சிரிப்பான், அவரும் சிரிப்பார்.

அவரும் கணவர் ஜனாவும் புறப்பட்டபோது மகள் மிதுனாவுக்கு எட்டு வயது. போகிற ஊரில் அவள் படிக்கக்கூடிய பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளையை இப்போதைக்குச் சொந்தக்காரரிடம் விட்டுவிட்டுப் போங்கள், இரண்டு வருடத்தில் ஒரு வழி பார்க்கலாம் என்றது அவர்களை அனுப்பிய மிஷன். கொட்டாஞ்சேனையில் இருந்த சுபோதினியின் அக்கா உஷாந்தி, பிள்ளை இல்லாதவர், மிதுனாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்த இரண்டு வருடம் இழுபட்டு இழுபட்டு, மிதுனா படித்து முடித்து, வேலைக்குப் போய், கிஷாந்தைக் கலியாணமும் கட்டிவிட்டாள். பார்க்கிறோம் என்ற வழியை மட்டும் கடைசிவரை யாரும் பார்க்கவில்லை.

கம்போடியாவில் அவர்கள் நடத்தியது ஒரு பகல் வீடு. எல்லை தாண்டித் தாய்லாந்துக்கு வேலைக்குப் போய்விடும் தாய்மாரின் பிள்ளைகள் அங்கே வருவார்கள். சுபோதினி அவர்களுக்குப் பேன் பார்த்துத் தலை வாரி, சோறு போட்டு, பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். தன் பிள்ளையைக் கொழும்பில் விட்டுவிட்டுப் பிறத்தியார் பிள்ளைகளுக்குத் தலை வாரிய புண்ணியவதி என்று சொல்ல வாய் துடிக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளும் தாயைத் தேடி அழுத பிள்ளைகள்தானே. அவர்களுக்கு அவர் செய்தது உண்மையான வேலை. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

மிஷனரிமாருக்கு இன்னொரு வேலையும் உண்டு. மாதா மாதம் ஜெபக் குறிப்பு எழுதி, தங்களைத் தாங்குகிற சபைகளுக்கு அனுப்பவேண்டும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, டொரொண்டோ, லண்டன் என்று எல்லா இடத்திலும் அதை வாசித்து ஜெபிப்பார்கள். ‘ஊழியத்துக்காக ஜெபியுங்கள்’ என்று மொட்டையாக எழுதினால் ஜெபிக்கிற ஜனங்களுக்கு மனதில் பாரம் வராது. விவரம் வேண்டும். சுபோதினிக்கு விவரம் எழுதக் கை வந்தது. ஜனாவின் முதுகுவலி, கூரை ஒழுக்கு, மிதுனாவின் கணக்குப் பரீட்சை எல்லாம் அதில் வந்தன. தூரத்தில் இருக்கிற தாய் மகளுக்கு வேறென்ன செய்வது? நாலு தேசத்து ஆட்களை முழங்காலில் நிற்க வைத்தாவது மகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். அதில் கள்ளம் ஒன்றும் இல்லை.

பத்து வயதில் மிதுனா திரும்பவும் படுக்கையை நனைக்கத் தொடங்கினாள். உஷாந்தி ஒரு வார்த்தை பேசாமல் விரிப்பை மாற்றிப் போட்டுவிட்டுப் போய்விடுவார். மிதுனா அதைத் தாயிடம் தொலைபேசியில், மெதுவாக, தானாகவே சொன்னாள். அடுத்த மாதக் குறிப்பில் அதுவும் வந்தது. கொட்டாஞ்சேனைச் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, அங்கே வரும் தாரிகா அன்ரி அவள் தலையில் கை வைத்து, அன்பு பொங்கக் கேட்டார்.

“என்ன பிள்ளை, இப்ப படுக்கையிலை போறது நிண்டுட்டுதே?”

பக்கத்தில் அவளுடைய வகுப்புப் பொடியன்கள் நின்றார்கள்.

அதற்குப் பிறகு மிதுனா தாயிடம் ஒன்றும் சொல்லவில்லை. சண்டை பிடிக்கவில்லை, கோபிக்கவுமில்லை. எப்போது கேட்டாலும், “நல்லா இருக்கிறன் அம்மா” என்பாள். பெரியபிள்ளை ஆனதை உஷாந்திதான் அறிவித்தார். கிஷாந்தை விரும்பியதையும் உஷாந்திதான் சொன்னார். சொல்லும்போதே, “எழுதிப்போடாதை சுபோ” என்றும் சேர்த்துச் சொல்வார்.

ஜனா அங்கேயே மாரடைப்பில் போனார். அங்கேயே அடக்கம். சுபோதினி ஒற்றைப் பெட்டியோடு கொழும்புக்கு வந்தார். இனி அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம். மகள் தன்னிடம் ஏதாவது ஒன்றைத் தானாகச் சொல்லவேண்டும். மிதுனா வத்தளையில் இருக்கிற தன் வீட்டிலிருந்து ஞாயிறு தவறாமல் வருவாள். பழம் வாங்கி வருவாள். தாய் சமைத்ததைச் சாப்பிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, “நல்லா இருக்கிறன் அம்மா” என்று சொல்லிப் போய்விடுவாள். ஒரு விருந்தாளி இதைவிட மரியாதையாக நடக்க முடியாது. அந்த மரியாதைதான் சுபோதினியைக் கொன்றது.

போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை உஷாந்தி அழைத்தார். மிதுனா பொரளையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், வயிற்றுப் பிள்ளை தங்கவில்லை. அஞ்சாம் மாதம். மகள் பிள்ளைத்தாச்சி என்பதே சுபோதினிக்கு அப்போதுதான் தெரியும். தளர்ந்த சட்டைக்குள் மறைத்துக்கொண்டே ஞாயிறுகளில் வந்து போயிருக்கிறாள். முச்சக்கர வண்டியில் ஏறி, “மல்லி, இக்மனட்ட” என்று சாரதியை அவசரப்படுத்திக்கொண்டே போனார். சிங்களம் அன்று தடுமாறவில்லை.

மிதுனா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஆயிரம் பேருக்கு ஆறுதல் சொன்ன சுபோதினி, பக்கத்தில் இருந்து அவள் காலைத் தடவினார். கொஞ்ச நேரத்தில் மிதுனா திரும்பினாள்.

“பொம்பிளைப் பிள்ளை அம்மா,” என்றாள். “நேர்ஸ்மார் காட்டினவை. சின்ன விரல் எல்லாம் இருந்தது.”

சுபோதினி மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு வருடம் கழித்து, தானாகச் சொல்லியிருக்கிறாள்! அந்தத் துக்கத்துக்குள்ளும் தாய்க்கு நெஞ்சு குளிர்ந்தது. பாவம், அதுவும் ஒரு கணம்தான்.

“அம்மா, இதை ஜெபத்துக்குக் குடுத்திடாதேங்கோ.”

“இல்லையம்மா. சத்தியமாக் குடுக்கமாட்டன்.”

அந்த வாரம் சபையின் ஜெபக் கூட்டத்தில், குறிப்பு ஏதும் உண்டா என்று போதகர் கேட்டார். எப்போதும் முதலில் எழும்புகிற கை அன்று எழும்பவில்லை. “அக்கா, உங்களிட்டை ஒண்டும் இல்லையோ?” என்று போதகர் சிரித்தார். “ஒண்டும் இல்லை ஐயா,” என்றார் சுபோதினி. பக்கத்தில் ஒருவர் மகனின் விசாவுக்காக ஜெபிக்கக் கேட்டார். சுபோதினி அதற்கு ஆமென் சொன்னார். பேத்திக்காக அழுகிற அழுகையை முதல் தடவையாக யாருக்கும் பங்கு கொடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அடுத்த ஞாயிறு, இப்போது வெள்ளவத்தைச் சபைக்கு வருகிற தாரிகா அன்ரி எழும்பி, “நம்ம மிஷனரி அக்காவின்ர மகள் மிதுனாவை நினைப்பம், கர்த்தர் குடுத்த குழந்தையை…” என்று உருக்கமாகத் தொடங்கினார். சபை முழுவதும் கண்ணை மூடியது. சுபோதினி மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவை அழைத்து, இது எப்படி வெளியில் போனதென்று கேட்டார்.

“நான்தான் சுபோ,” என்று உஷாந்தி உடனே அழுதார். “கொட்டாஞ்சேனைப் பெண்கள் கூட்டத்திலை சொன்னனான். அது உங்கடை சபைக்கும் போகுமெண்டு ஆர் கண்டது? பாரம் தாங்கேலாமல் போச்சு. ஜெபத்துக்குத்தானே சொன்னனான்.”

ஜெபத்துக்குத்தானே. இதையே சுபோதினி ஒரு காலத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பார்.

“அக்கா, நீங்கள் சொன்னதெண்டு மட்டும் மிதுனாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

“ஏன்?”

“சும்மா. சொல்லாதேங்கோ. எனக்காக.”

பின்னேரம் மிதுனா அழைத்தாள். காலையிலிருந்து அவளுக்கு ஆறுதல் செய்திகள் வந்தபடி இருந்தன. தெரியாத ஆட்கள்கூட டொரொண்டோவிலிருந்து அனுப்பியிருந்தார்கள்.

“அம்மா, நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

உஷாந்தியின் பெயர் சுபோதினியின் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் போதும், தான் சத்தியத்தைக் காத்தது மகளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் விரிப்பை மாற்றிப் போட்ட கை உஷாந்தியுடையது. விழுந்து அழ மிதுனாவுக்கு இருக்கிற ஒரே வீடு அதுதான். அதையும் இன்றைக்கு மூடிவிட்டால் பிள்ளை எங்கே போவாள்?

“ஓம் பிள்ளை,” என்றார். “நான்தான்.”

“எனக்குத் தெரியும்,” என்றாள். தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு சுபோதினி விடியவே எழும்பி, மகளுக்குப் பிடித்த இறால் குழம்பு வைத்தார். மத்தியானம் கழிந்தும் மிதுனா வரவில்லை. பிறகு உஷாந்திதான் அழைத்தார்.

“இஞ்சை வந்திட்டாள் சுபோ, பயப்பிடாதை. என்ர மடியிலை கிடந்து நல்லா அழுதவள். இப்ப சாப்பிட்டிட்டு நித்திரை.”

“சரி அக்கா,” என்றார் சுபோதினி. “எழுப்பாதேங்கோ.”

பிறகு குழம்பை ஆறவிட்டு, மூடி, குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தார்.