கல்யாண மண்டபமும் கருப்புத் திரையும்

அண்ணாச்சியின் கம்ப்யூட்டரில் எழுத்துகள் மாதாமாதம் பெரிதாகிக்கொண்டே வந்தன. கடைசியில் ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் அகலத்துக்கு நின்றது. கருப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு பட்டன் கிடையாது, ஒரு படம் கிடையாது. அந்தத் திரையைப் பார்த்துத்தான் அவருக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்று முதலில் எனக்குத் தோன்றியது.

ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து மேசை. அவர் திருநெல்வேலிக்காரர், நான் மத்தூர்க்காரி. இயந்திரங்களின் ஓட்டத்தைக் கவனிக்கும் ப்ரோக்ராம்களை இருவரும் சேர்ந்து எழுதினோம். அவற்றை எழுதும் மென்பொருளான எடிட்டரில் மட்டும் ஒத்துப்போகவே இல்லை. தச்சருக்கு உளி எப்படியோ, ப்ரோக்ராம் எழுதுகிறவருக்கு எடிட்டர் அப்படி. கைக்குப் பழகியதை விட்டுக்கொடுக்க மனம் வராது. அண்ணாச்சியின் கருப்பு எடிட்டரில் மவுஸுக்கு வேலையே இல்லை, எல்லாம் விரல்தான். அவர் தட்டும்போது வரிகள் தாமாக இடம் மாறுவது போலிருக்கும். என்னுடையதில் வண்ண எழுத்து, பக்கவாட்டில் பட்டியல், ஓரங்களில் மினுக்கும் குறிகள்.

"என்ன தாயி, எடிட்டரா இது? சீரியல் லைட்டு போட்ட கல்யாண மண்டபம் மாதிரில்லா இருக்கு!" என்பார்.

"உங்களது கரண்டு போன வூடு மாதிரி இருக்குதுங்க அண்ணாச்சி" என்பேன் நான். டீ கொண்டுவரும் தளி ஊர்க்காரம்மா இதைக் கேட்டுக் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார்.

கண் டாக்டர் சொன்னதை ஒரு மதியம் கேன்டீனில் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி, நடுவிலும் மங்கி வருகிறதாம்; மருந்து இல்லையாம். மேலாளர் கெட்டவரில்லை. ஆனால், "ப்ரோக்ராம் வேலை வேணாம், ஸ்டோர்ஸுக்கு மாத்தித் தரேன், சம்பளம் குறையாது" என்றார். அண்ணாச்சி ஆயுதபூஜை வரை அவகாசம் கேட்டார். அந்த விடுமுறையில் இயந்திரங்கள் நிற்கும்போது புது ப்ரோக்ராமை ஏற்ற வேண்டியிருந்தது. அதைத் தானே முடித்துத் தருவதாகவும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றை ஏற்றினோம். அவருடைய கருப்பு எடிட்டரில் அது தடுமாறியது. ஒரு வரியை அழித்தால் பக்கம் முழுவதையும் மறுபடி ஒப்பித்தது. எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைச் சொல்லவில்லை. என்னென்னவோ மாற்றிப் பார்த்தோம், சரிவரவில்லை. அதன்பின் சனிக்கிழமை மதியங்களில் வேறு எடிட்டர்களைத் தேடினோம். நானும் என் திரையை அணைத்துவிட்டுக் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து பார்த்தேன். ஒன்று எழுத்தை மட்டும் படித்தது, வரி எண்ணைச் சொல்லவில்லை. இன்னொன்று அழகோ அழகு, மெனுவுக்குப் போனால் ஊமை.

கடைசியில் நன்றாகப் பேசியது என்னுடைய கல்யாண மண்டபம்தான். வரி எண் சொன்னது, எத்தனை இடம் உள்தள்ளியிருக்கிறது என்று சொன்னது, பிழையான வரிக்குப் போனால் டொக்கென்று ஒரு சத்தம் கொடுத்தது. அண்ணாச்சி ப்ரோக்ராமின் நடுவே தனக்காக இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்க் குறிப்புகள் எழுதி வைப்பார். "இங்கே கை வைக்காதே" என்பதை மென்பொருளின் வெள்ளைக்காரிக் குரல் படித்தபோது அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்து முடித்து ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "வெரலு பழைய எடத்துக்கே போவுது தாயி. இத்தன வருசம் பழகுனத எப்படி மறக்கச் சொல்லுதே?" என்றார். கண் போவதைச் சொன்ன அன்றுகூட அவர் குரல் அப்படி உடையவில்லை.

திங்கட்கிழமை வந்தபோது அவரே கருப்பு எடிட்டரை நீக்கிவிட்டு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். முதல் வாரங்களில் கோபம் கோபமாக வரும். விசைப்பலகையைத் தள்ளிவிட்டு எழுந்து போவார், திரும்பி வருவார். குரலின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். பிறகு அது எனக்கு வண்டுச் சத்தமாகத்தான் கேட்டது. அவருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

ஆயுதபூஜைக்கு இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி தின்றோம். விடுமுறை முடிந்த காலை ஷிப்டில் அவருடைய ப்ரோக்ராமோடு முதல் இயந்திரம் சுழன்றது. அண்ணாச்சி அதன் இரும்புமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். மேலாளர் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஸ்டோர்ஸுக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அதெல்லாம் முடிந்து வருஷங்களாயிற்று. நான் இப்போது அத்திப்பள்ளி எல்லை தாண்டி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறேன். அண்ணாச்சி ஊரோடு போய், வீட்டிலிருந்தே அதே தொழிற்சாலைக்கு எழுதிக் கொடுக்கிறார். சென்ற வாரம் போனில் பேசியபோது, "இப்ப எந்த எடிட்டரு வச்சிருக்க?" என்று கேட்டார்.

"உங்க கருப்பு எடிட்டருதாங்க" என்றேன். புது அலுவலகத்தில் யாரும் சொல்லி அதை எடுக்கவில்லை. பக்கத்து மேசையில் அவர் இல்லாததால் எடுத்தேனோ என்னவோ.

மறுமுனையில் மரத்தின்மேல் விரல்கள் விழும் ஓசை கேட்டது, வேகமாக, தடையில்லாமல்.

"என்னாங்க அண்ணாச்சி பண்றீங்க?"

"சும்மா மேசைல தட்டிப் பாத்தேன் தாயி. ஒண்ணும் மறக்கல" என்றார்.