முதுகுக்குள்ளிருந்து வந்த பதில்

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. நான் வேலை முடிந்து வந்து கூடத்தில் உட்கார்ந்ததும், பின்னால் ஓடி வந்து என் முதுகில் காதை ஒட்டிக்கொள்வாள். "ஹலோ, உள்ள யாரு?" என்பாள். நான் தடித்த குரலில், "நான்தான் பூதம்" என்பேன். முதுகு அதிர்வதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். எங்கள் வீட்டு டெலிபோன் அது.

கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான மேருவில், ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. கையுறை கையில் பிசுபிசுவென்று ஒட்டாமல் இருக்க, குளோரின் கலந்த தண்ணீரில் அதை அலசுவார்கள். மழை விட்ட ஒரு பிற்பகல், அந்தக் குளோரின் வரும் குழாயில் எங்கோ ஓர் இணைப்பு விட்டுப்போனது. வெடிச்சத்தம் எதுவும் இல்லை. சத்தம் நின்றதைத்தான் முதலில் கவனித்தேன். பின்பக்க லோங்காங் சாக்கடையில் ஓயாமல் கத்திக்கொண்டிருந்த தவளைகள் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டன. திரும்பினேன். மஞ்சளும் பச்சையுமாக ஒரு மூட்டம், தரையை மோந்து பார்ப்பதுபோல், அவசரமே இல்லாமல் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. காற்றைவிடக் கனமான வாயு அது, தாழ்வாகத்தான் நகரும். முழங்காலைத் தொட்டபோதுதான் எனக்கு ஓடத் தோன்றியது.

வாசலுக்கு வந்து கண்ணில் நீர் வழிய இருமினேன். சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்டும் அண்ணன் ஒருவர் கேன்டீனிலிருந்து பால் பாக்கெட்டோடு ஓடி வந்தார்.

"குடிடா. பால் உள்ள போச்சுன்னா கேஸ் எல்லாம் ஓடிரும் லா."

"நெஜமாவா அண்ணே?"

"எத்தன வருசமா பாக்குறேன்! குடி. நாளைக்கு மாடே வந்து உன்ன நலம் விசாரிக்கும் பாரு."

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். தூசு, சாயம், பெயின்ட் வாடை, எதுவானாலும் எங்கள் ஆட்களுக்குப் பால்தான் மருந்து. குடித்த கொஞ்ச நேரத்தில் இருமல் அடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்ன சூப்பர்வைசரிடம், "பால் குடிச்சிட்டேன் பாஸ், ஓகே" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் கிள்ளானுக்கு, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

விளக்கு வைக்கும் நேரம். மகள் வழக்கம்போல் காதை வைத்தாள்.

"ஹலோ, உள்ள யாரு?"

நான் வாயைத் திறக்கவே இல்லை. அதற்குள் வெடுக்கென்று விலகினாள்.

"அப்பா, நீங்க பேசலதானே?"

"இல்லையே."

"வேற யாரோ பேசுறாங்க. தண்ணிக்குள்ள இருந்து பேசுறாங்க."

என் மனைவி சிரித்துக்கொண்டே வந்து காதை வைத்தாள். அவள் சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு எனக்கும் கேட்டது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஈர மணலில் யாரோ மெல்ல மிதித்து நடக்கும் சத்தம். படுத்தால் மூச்சு முட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ் டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பால் எங்க போச்சு அங்கிள்?"

"வயித்துக்கு."

"கேஸ் எங்க போச்சு?"

என் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். நுரையீரலுக்குள் எண்ண முடியாத அளவு குட்டிக் குட்டிக் காற்றுப் பைகள் இருக்கின்றன. அவற்றின் தோல் நாம் நினைத்துப் பார்க்க முடியாத மெல்லிசு. குளோரின் அந்த ஈரத்தில் பட்டால் அமிலமாகித் தோலைப் பொசுக்கிவிடும். பொசுங்கிய இடம் வழியாக ரத்தத்தின் நீர் பைக்குள் கசியும். இதற்குச் சில மணி நேரம் பிடிக்கலாம். அதுவரை ஆளுக்கு ஒன்றும் தெரியாது. நான் மோட்டாரில் காற்று வாங்கிக்கொண்டு வந்தேனே, அப்போதே உள்ளே நீர் ஏறத் தொடங்கியிருந்தது.

ஆக்சிஜன் முகமூடியோடு கிடந்த நாட்களில் கண்ணை மூடப் பயமாக இருந்தது. என் மூச்சுக்குப் பின்னால் இன்னொரு மூச்சு வருவதுபோலவே இருக்கும். "யார் சரி பண்ணுவாங்க டாக்டர்?" என்று கேட்டேன். "உள்ள இருக்கறவங்கதான்" என்றார். எனக்குச் சில்லிட்டது. அவர் சொன்னது நுரையீரலின் செல்களை. பொசுங்காமல் தப்பித்தவை பெருகி, ஊர்ந்து போய், வெறுமையான இடத்தில் தட்டையாகப் படுத்துப் புதுத் தோலாகிவிடுமாம். கசிந்த நீரையும் உடம்பு உறிஞ்சிக்கொள்ளுமாம். ஆக்சிஜன் கொடுத்து, அதுவரை ஆளை உயிரோடு வைத்திருப்பதுதான் அவர்கள் வேலை. எல்லாருக்கும் முழுதாக ஆறிவிடாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

வீட்டுக்குக் கிளம்பியபோது நர்ஸ் மிஸ்ஸி ஒரு பிளாஸ்டிக் பெட்டி கொடுத்தார். உள்ளே மூன்று பந்துகள். குழாயில் மூச்சை இழுத்தால் பந்து எழும்ப வேண்டும். ஒன்று எழும்பியது. மற்ற இரண்டும் அசையவில்லை. மகள் கதவோரம் நின்றே பார்ப்பாள். கூப்பிட்டால் வரமாட்டாள்.

"அவங்க போயிட்டாங்களா?"

"தெரியலையே கண்ணு."

பொய் சொல்ல மனம் வரவில்லை. எனக்கே தெரியாது.

வாரங்கள் போயின. இரண்டாவது பந்து எழும்பியது. மூன்றாவது ஒருநாள் மேலே போய்த் தட்டி, நடுங்கிக்கொண்டு நின்றது. இன்றும் குளியலறையில் பிளீச் ஊற்றினால் என் நெஞ்சு இறுகிவிடும், உள்ளிருந்து யாரோ தாழ்ப்பாள் போடுவதுபோல. அது போகவில்லை. போகாமலும் இருக்கலாம்.

மூன்றாவது பந்து எழும்பிய அன்று முதுகில் சூடாக ஒரு காது ஒட்டியது. நான் திரும்பவில்லை.

"ஹலோ," என்றாள், மிக மெதுவாக. "உள்ள யாரு?"

நான் வேண்டுமென்றே பேசாமல் மூச்சை மட்டும் ஆழமாக இழுத்துவிட்டேன். அவளும் மூச்சுவிடாமல் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து என் தோளைத் தட்டினாள்.

"யாரும் இல்லப்பா. நீங்கதான் பேசணும்."