ஃபேன் கேட்டோம், யோகா வந்தது

நாங்கள் கேட்டது தூசியை இழுத்து வெளியே தள்ளுகிற ஃபேன். வந்தது யோகா வகுப்பு. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. யோகா நல்லது என்று யாராவது ஆரம்பித்தால், "நல்லதுதாங்க, செய்யுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறேன். யோகா எனக்கு என்ன கெடுதல் செய்தது, அதன் மேல் கோபப்பட? அது எதற்குப் பதிலாக வந்தது என்பதில்தான் என் கோபமெல்லாம்.

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை என்றால் வெளியூர்க்காரர்கள் பொம்மையைத்தான் நினைப்பார்கள். எங்கள் கம்பெனியில் செய்வது கரண்ட் பெட்டியில் மாட்டுகிற ஃபியூஸ் கட்டை. அச்சிலிருந்து வருகிற, இன்னும் சுடாத பச்சைக் கட்டை காய்ந்ததும், ஓரத்துப் பிசிறைத் தகட்டால் சுரண்டி, வாயால் ஊதி, சூளைக்குப் போகிற தட்டில் அடுக்குவோம். ஊதியதும் உடனே மூச்சு இழுக்கக் கூடாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, தூசி கொஞ்சம் அடங்குகிற வரை அடக்கி, அப்புறம்தான் இழுக்க வேண்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. சேர்ந்த முதல் வாரமே தொண்டை கற்றுக்கொண்டுவிடும். போதாததற்கு முந்தானையை எடுத்து மூக்கை மூடிக் கட்டிக்கொள்வோம்.

என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவள் மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், என்னைவிடச் சின்னவள். முக்காட்டு நுனியை இழுத்து மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருப்பாள். என்ன கட்டி என்ன? இருமல் வந்தது, போகவே இல்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், தூசி இருக்கிற பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். சவுதியில் இருந்த புருஷன் வேலை போய்த் திரும்பி வந்து வீட்டில் இருந்த நேரம் அது. அவள் வேலையை விட்டால் அடுப்பு எரியாது. ஒன்று, கம்பெனியில் ஃபேன் போட வேண்டும். இல்லாவிட்டால் அவளைப் பேக்கிங் பக்கம் மாற்ற வேண்டும். அவளைக் கூட்டிக்கொண்டு நாங்கள் சிலபேர் ஓனரிடம் போனோம்.

எங்கள் ஓனர் குரலை உயர்த்தவே மாட்டார். திட்டுகிறவராக இருந்திருந்தால் நாங்களும் நாலு வார்த்தை திருப்பிப் பேசியிருப்போம். "பேக்கிங்ல ஆளு ஃபுல்லா இருக்குதும்மா. ஃபேன் விஷயத்த எங்கிட்ட வுட்ருங்க. அதுக்கு முன்னாடி உங்களுக்காக வேற ஒரு ஏற்பாடு பண்றேன்" என்றார். நாங்களும் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

ஏற்பாடு ஒரு மேடம். ஓனர் வீட்டம்மாவுக்கு யோகா சொல்லிக்கொடுக்கிறவர். மூச்சுப் பயிற்சி செய்தால் நுரையீரல் விரியும், சளி இருமல் எதுவும் அண்டாது என்று அவர் சொல்லியிருக்கிறார். வாரத்தில் ஒருநாள் வேலை தொடங்கும் முன்பு வகுப்பு. வெறும் வயிற்றோடு வர வேண்டும், தளர்வான துணி உடுத்த வேண்டும், கீழே விரிக்க ஏதாவது வேண்டும் என்று சூப்பர்வைசர் வந்து சொன்னார்.

"வெறும் வயித்துல வர்றது நமக்கு இன்னா புதுசா?" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தோம். துணிதான் பெரிய கவலையாக இருந்தது. நான் என் மகளின் சுடிதாரை வாங்கிப் போட்டு, துப்பட்டாவை ஊக்கால் குத்திக்கொண்டு போனேன். பஸ்ஸில் எல்லாரும் என்னையே பார்க்கிற மாதிரி கூச்சமாக இருந்தது. மற்றவர்கள் வேலைக்கு வருகிற மாதிரியே, புடவைக்கு மேல் புருஷனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். விரிப்புக்குப் பேக்கிங் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துப் போட்டோம்.

இங்கேதான் எங்கள் புத்தி வேலை செய்தது. தினமும் கம்பெனித் தரையைக் கூட்டும்போது முதலில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் கூட்டுவோம். அன்றைக்குத் தெளித்தால் அட்டை ஊறிப்போகும் என்று தெளிக்கவில்லை. சொல்லிக்கொடுக்க ஒருவர் வருகிறார், மரியாதையாக இருக்க வேண்டாமா? செருப்பை வெளியே விட்டுவிட்டு, மூலை முடுக்கெல்லாம் வறட்டுத் துடைப்பத்தால் பெருக்கினோம். கம்பில் துணி சுற்றி விட்டத்தில் படிந்திருந்ததையும் தட்டிவிட்டோம். தரை பளிச்சென்று ஆனது. அதுவரை தரையில் கிடந்த பீங்கான் மாவெல்லாம் எங்கள் தலைக்கு மேலே நின்றது. ஒருத்திக்குக்கூட உறைக்கவில்லை.

"எவ்ளோ சுத்தமா வச்சிருக்கீங்க" என்று சொல்லிக்கொண்டே ஓனரோடு மேடம் வந்தார். நல்ல மனுஷி, அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. சம்மணம் போட்டு உட்காரச் சொன்னார், எல்லாரும் சட்டென்று உட்கார்ந்தோம். டவுனில் வகுப்புக்கு வருகிறவர்களுக்கு இது வரவே வராது என்று ஆச்சரியப்பட்டார். நாள் முழுக்க அப்படி உட்காருவதுதான் எங்கள் பிழைப்பு. முதுகை நிமிர்த்தச் சொன்னபோதுதான் சாயம் வெளுத்தது. முழங்காலை மடக்கி அதன் மேல் உட்காரச் சொன்னபோது ஆளாளுக்கு முனகினோம். கடைசியில் கண்ணை மூடிப் படுக்கச் சொன்னார். ஓனர் நின்றுகொண்டிருக்க, கம்பெனித் தரையில் மல்லாந்து படுப்பது சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன், அந்தக் கொஞ்ச நேரம் சுகமாக இருந்தது.

எழுந்து உட்கார்ந்ததும் மூச்சுப் பயிற்சி. "நல்லா ஆழமா இழுங்க, வயிறு வரைக்கும் போகணும்" என்றார். மங்கலம்பேட்டைக்காரி மூக்கில் கட்டியிருந்த துணியை அவிழ்க்கவில்லை. மேடம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மூக்க மூடக் கூடாதும்மா. காத்து உள்ள போனாத்தானே பலன்" என்று அவரே முடிச்சைத் தளர்த்திவிட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னபடி இழுத்தாள். இருமல் பிடித்துக்கொண்டது. தரையில் கையூன்றி, கண்ணில் தண்ணீர் வழிய இருமினாள்.

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். உள்ள இருக்கற கெட்டதெல்லாம் வெளிய வருது" என்றார் மேடம். உள்ளே போய்க்கொண்டிருந்தது என்ன என்று அவருக்கு யார் சொல்வது?

அடுத்து, இழுத்த மூச்சை முடிகிற வரை அடக்கச் சொன்னார். ஒவ்வொருத்தியாக விட்டார்கள். நான் விடவில்லை. வருஷக்கணக்காக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். மேடம் எல்லாரையும் என் பக்கம் திரும்பிப் பார்க்கச் சொன்னார். ஓனர் ஃபோனை எடுத்து வீடியோ பிடித்தார். நான் விட்டதும் கைதட்டினார்கள். ஸ்கூல் முடித்த பிறகு எனக்காக யாரும் கைதட்டியதில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

வகுப்பு சில வாரம் நடந்தது. ஆர்டர் அதிகமானதும் நின்றுபோனது. மங்கலம்பேட்டைக்காரிக்கு இருமலோடு மூச்சிரைப்பும் சேர்ந்துகொண்டது, பஸ் ஏறினாலே இரைத்தது. மறுபடியும் அவளைக் கூட்டிக்கொண்டு ஓனரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஃபோனைத் திறந்து அந்த வீடியோவை அவளிடம் காட்டினார்.

"இத பாரும்மா. ஒரே எடம், ஒரே வேல, ஒன்னவிட மூத்தவங்க. எவ்ளோ நேரம் மூச்சு நிக்குது பாரு. தூசிதான் காரணம்னா இவங்களுக்குல்ல மொதல்ல வந்திருக்கணும்? ஒன் ஒடம்பு வாகு அப்படி. வூட்டுல டெய்லி யோகா பண்ணு, சரியாயிடும்."

"சார், அது தூசிக்குப் பயந்து அடக்கிப் பழகுன மூச்சு. நாள் பூரா அப்படித்தான் வேல செய்றோம்" என்றேன்.

"அதத்தாம்மா நானும் சொல்றேன். உங்களுக்கு அடக்கத் தெரிஞ்சிருக்குது. இந்தப் பொண்ணுக்கும் சொல்லிக் குடுங்க" என்று சிரித்தார்.

கட்டை அடுக்கிய தட்டைத் தூக்கி அவர் தலையில் போடலாம் போல இருந்தது. போடவில்லை. என் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே. அவள் மட்டும் அந்த மாசத்தோடு நின்றுவிட்டாள். அவள் இடத்தில் சேத்தியாத்தோப்புப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க மங்கலம்பேட்டைக்குப் போனேன். சுவரில் தலையணையை நிறுத்தி அதில் சாய்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். புருஷன் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போனார். ஊர்க்கதையெல்லாம் பேசினோம். ஃபேன் வந்துதா என்று கேட்டாள், இல்லை என்றேன்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கி நீங்க எதுக்குக்கா அம்மாம் நேரம் அடக்குனீங்க? மத்தவங்க மாரி வுட்டிருந்தா ஃபேன் போட்டிருப்பாருல்ல?"

போட்டிருக்க மாட்டார். எனக்குத் தெரியும். ஆனால் அவ்வளவையும் கேட்டு முடிக்க அவள் நடுவில் எத்தனை முறை நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினாள். அவளிடம் போய் வாதம் செய்வதா?

"தெரியலடி" என்றேன்.