இருபத்தாறு மணி நேரம்

எங்கள் ஆபீஸின் மூத்த புரோகிராமருக்கு நாங்கள் வைத்த பெயர் டைமர். டீ குடித்துவிட்டுத் திரும்பினால், "பதினோரு நிமிஷம் ஆச்சும்மா" என்பார். முதியோர் இல்லத்தில் இருந்த தன் அம்மாவுக்கு ஞாயிறுதோறும் பத்து மணிக்குப் போன் போடுவார், ஏழே நிமிடம். இல்லம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். எட்டிப் பார்க்க மாட்டார்.

அந்த இல்லத்திலும் எங்கள் மென்பொருள்தான். ஆயா அறைக்கு வந்து பார்த்ததும் கதவருகே பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தி நாலு மணி நேரம் வரை இல்லத்து மேசையில் இருக்கும் திரை பச்சை காட்டும்; தாண்டினால் சிவப்பு எரியும். அதில் நேரத்தைக் கணக்கிடும் நிரல் டைமர் எழுதியது. அதைக் குறை சொன்னால் கடித்துக் குதறிவிடுவார்.

குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. மணி என்ன என்பதையும் எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் மனிதர் கடிகார மணியாகவே கணக்கு வைத்திருந்தார். கடிகார மணி இருபத்துநாலைத் தாண்டாது, பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அதனால் இருபத்தாறு மணி நேரம் ஆனாலும் இரண்டு மணி நேரம் என்றே காட்டும், பச்சையில். புகார் எழுதினேன்.

"ஒரு நாள் முழுக்க ஒருத்தர யாருமே பாக்காம விட்டுடுவாங்களா? கொஞ்சம் மூளைய யூஸ் பண்ணும்மா," என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, 'நடக்க வாய்ப்பில்லை' என்று புகாரை மூடினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கு டைமருடைய அம்மாவின் அறையில் பட்டனை அழுத்திய ஆயா காய்ச்சல் என்று வீட்டுக்குப் போய்விட்டாள். மாற்று ஆள் வரவில்லை. அம்மா குளியலறையில் விழுந்தார். ஆளில்லாத மேசையில் திரை நாள் முழுக்கச் சிவப்பாக எரிந்தது.

ஞாயிறு பத்து மணிக்கு டைமர் போன் போட்டார். எடுக்கவில்லை. தன் கணினியில் அந்தத் திரையைத் திறந்தார். 'பார்த்து 2 மணி நேரம்.' பச்சை.

"தூங்குறாங்க போல," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மூடினார்.

திங்கள் காலை கதவைத் திறந்தார்கள். "நேத்து மத்தியானம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும்," என்றார் டாக்டர்.

ஒரு வாரம் கழித்து என் மேசை அருகே வந்து நின்றார். "அந்தப் புகாரத் திறந்து விடும்மா."

"நடக்க வாய்ப்பில்லன்னு நீங்கதானே சார் மூடுனீங்க?"

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டுவிட்டேன்.

திருத்தப் பத்து நிமிடம்தான் ஆனது. சரிபார்க்க ஓர் உதாரணம் கொடுக்க வேண்டும். சனி எட்டு மணி முதல் ஞாயிறு பத்து மணி வரை என்று அடித்தார். வர வேண்டிய நிறம்: சிவப்பு. ஓட்டினார். சோதனை தேறியது என்று திரையில் பச்சை விழுந்தது.

நான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நிமிடம் ஆனது என்று அவர் சொல்லவில்லை.