ஆம்ப்ரோஸ் ஏலத்தில் எடுத்த மௌனம்

போன அறுவடைத் திருநாளன்று பெங்களூர் லிங்கராஜபுரத்து சர்ச் மைதானத்தில் 'லாஸ்ட் கோச்' ராக் குழு மேடையில் நின்றபோது, ஏ.சி. மெக்கானிக் ஆம்ப்ரோஸ் பொறாமை தாங்காமல் கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டான் என்று காக்ஸ் டவுன் வரைக்கும் பேச்சு. அதே ஒயர் நீலசந்திராவுக்குப் போய்ச் சேர்வதற்குள் கத்தியாக வளர்ந்திருந்தது. பொறாமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஒயரைத்தான் விசாரிக்க வேண்டியிருந்தது.

அன்று ஏலம் விட்ட சின்னப்பாவைப் பிடித்தேன்.

"ஒயரா? யார் சார் சொன்னது? முறையா ஏலத்துல எடுத்தான். ரசீது கிழிச்சவனே நான்தான்."

"எதை எடுத்தான்?"

"அத அவன் வாயாலயே கேளுங்க. நான் சொன்னா சிரிச்சுடுவேன்."

ஆம்ப்ரோஸ் கோலார் தங்கவயலைச் சேர்ந்த மாரிகுப்பத்துக்காரன். விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வருகிற கூட்டத்தில் அவனும், இப்போது 'லாஸ்ட் கோச்'சின் பாடகனான நரேஷும் இருந்தார்கள். கடைசிப் பெட்டியில் நரேஷ் கிடார் வாசித்துப் பாடுவான். இரண்டு பேர் சீட்டையும் டிபன் பாக்ஸையும் அடிப்பார்கள். ஆம்ப்ரோஸின் பேஸ் கிடார் ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் ஒருவர் காதிலும் விழாது. அதனால் விரல் கிடாரில் இருக்க, வாயால் 'டும் டும்டும்' என்று வாசிப்பான். பெட்டியில் உட்கார இடம் கிடைக்காதவர்களே முதல் ரசிகர்கள். எழுந்து போகவும் வழியில்லை பாருங்கள்.

டோரதியைக் கல்யாணம் செய்துகொண்டதும் லிங்கராஜபுரத்தில் வீடு பார்த்துக் குடிவந்தான். நம்மில் ஒருவன் பெங்களூரிலேயே இருந்தால் பப் முதலாளிகளைப் பார்த்துப் பேச வசதி என்று குழுவிடம் சொல்லிக்கொண்டான். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் ஒத்திகை நடந்தது ரயிலில். முன்னேறுவதற்காக அவன் ஏறாமல் விட்ட வண்டியில், பங்காருபேட்டையில் ஏறுகிற ஹரிஷ் அவன் இடத்தில் உட்கார்ந்தான். யாரும் யாரையும் நீக்கவில்லை. சீட் காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு கல்லூரி விழா, ஒரு போட்டியில் பரிசு, மழை நாளில் கறுப்புக் கண்ணாடி போட்ட போட்டோ. எல்லாவற்றுக்கும் முதல் லைக் ஆம்ப்ரோஸுடையது. இத்தனை ஒழுங்காகப் பின்தொடர எந்த ரசிகனாலும் முடியாது. அதற்குப் பொறாமை வேண்டும்.

அறுவடைத் திருநாள் ஏலத்தில் பூசணிக்காய், வாழைத்தார், சேவல் எல்லாம் போன பிறகு பாட்டு ஏலம் விடுவது அந்த சர்ச்சின் வழக்கம். எடுத்தவர் கேட்கிற பாட்டைப் பாட வேண்டும். அன்று 'லாஸ்ட் கோச்'சின் ஒரு பாட்டு ஏலத்துக்கு வந்தது. காக்ஸ் டவுன் டாக்டர் குடும்பம் கேட்கக் கேட்க, ஆம்ப்ரோஸ் விடாமல் ஏற்றினான். முன்வரிசையில் இந்திராநகர் பப் ஒன்றுக்குக் குழுக்களைப் பிடித்துத் தருகிற ரங்கநாதன் வந்து உட்கார்ந்திருந்தார். அது ஆம்ப்ரோஸுக்குத் தெரியும்.

சின்னப்பா மூன்றாம் தரம் சொன்னதும் நரேஷ் மைக்கில் தழுதழுத்தான். "மச்சா! உன் மனசு யாருக்குடா வரும்! இன்னா பாட்டு வேணும், சொல்லு!"

"ஒண்ணும் வேணாம்," என்றான் ஆம்ப்ரோஸ். "ஒரு பாட்டு நேரம் அப்டியே சும்மா நில்லுங்க."

கூட்டம் சின்னப்பாவைப் பார்த்தது. சின்னப்பா யோசித்தார். "பூசணிக்காய எடுத்தவன் கூட்டும் வெக்கலாம், தெருவுல போட்டும் ஒடைக்கலாம். எடுத்தவன் இஷ்டம். நில்லுங்கப்பா."

நின்றார்கள். கையில் கிடார், வாயில் ஈ. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து ஜனங்கள் போனைத் தூக்கினார்கள். ரங்கநாதன் வாட்சைப் பார்த்தார். ஆம்ப்ரோஸுக்கு வயிறு குளிர்ந்தது.

அப்போது கேக் ஸ்டாலிலிருந்து 'டும் டும்டும்' என்று ஒரு குரல். டோரதி. கேக் வெட்டியபடி தன்னையறியாமல் முனகுகிறாள். பக்கத்து ஸ்டாலில் அதைப் பிடித்துக்கொண்டார்கள், பிறகு நாற்காலிகள், பிறகு மொத்த மைதானமும் நரேஷின் ரயில் பாட்டை வார்த்தை பிசகாமல் பாடியது. மேடை மட்டும் வாயை மூடி நின்றது. அந்த வீடியோ போன வேகத்தில் ரயில்கூடப் போனதில்லை. ரங்கநாதன் அன்றே கையெழுத்து வாங்கினார். இப்போது சென்னை, கொச்சி என்று சுற்றுகிறார்கள்.

"உனக்கு யாருடி அத சொல்லிக்குடுத்தது?" என்று அன்றிரவு ஆம்ப்ரோஸ் கேட்டிருக்கிறான்.

"தினம் பாத்ரூம்ல நீதான வாசிக்கிறே? தண்ணி சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நெனச்சியா?"

இத்தனையும் சொல்லிவிட்டு ஆம்ப்ரோஸ் ரசீதை நீட்டினான். "பாருங்க சார். முழுப் பாட்டு நேரத்துக்கும் காசு கட்டுனேன். பாதியிலேயே சத்தம் வந்துடுச்சு. சர்ச் எனக்குப் பாதி மௌனம் தரணும்."

சின்னப்பா ஈடாக ஒரு சேவலைத் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். "அது கூவும்," என்று மறுத்துவிட்டான்.

"ஒரு வாரம் நான் பேசாம இருக்கேன், அத வெச்சுக்கோ," என்றாள் டோரதி. அதுவும் கணக்கில் சேராதாம்.

இந்த வருஷத் திருநாளுக்கு 'லாஸ்ட் கோச்' மறுபடி வருகிறது. நரேஷ் ஆம்ப்ரோஸுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறான்: "மச்சா, பாதி பாக்கி கீது. பேஸ எடுத்துக்கினு மேடைக்கு வா. நீயும் எங்க கூட நின்னு வாங்கிக்கோ."

பேஸ் கிடாருக்குப் புதுக் கம்பி மாட்டியாகிவிட்டது. அதை நானே பார்த்தேன். பதில் மட்டும் இன்னும் போகவில்லை. பாதிப் பாட்டு மௌனம் பாக்கியிலேயே இருக்கிறது.